'த வால்டன்ஸ்' தொடரை டிவிடியில் பார்க்க உட்காருபவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எதைப் பற்றிய தொடர்?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ப்ளூ ரிட்ஜ் மலைப்பகுதியில், வீட்டு முற்றத்திலேயே மர அறுவை மில் வைத்துப் பிழைக்கும் ஒரு கூட்டுக் குடும்பத்தின் கதை. தாத்தா ஜெப், பாட்டி எஸ்தர், அப்பா ஜான், அம்மா ஒலிவியா, ஏழு பிள்ளைகள். மூத்தவன் ஜான்-பாய் எழுத்தாளனாக ஆசைப்படுகிறான். 1933-இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில் தொடங்கும் கதை, இரண்டாம் உலகப் போரைத் தாண்டிப் போகிறது. சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1972 செப்டம்பர் முதல் 1981 ஜூன் வரை ஒன்பது சீசன்கள் ஓடியது.

தொடக்கத்தில் யாரும் இதை நம்பவில்லை. வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு, போட்டி நிறுவனமான என்பிசியில் ஃபிளிப் வில்சனின் நகைச்சுவை நிகழ்ச்சி கொடிகட்டிப் பறந்த அதே நேரத்தில், இதைக் கொண்டுபோய் வைத்தார்கள். அடுத்த சீசனிலேயே, 1973–74-இல், அமெரிக்கா முழுவதற்குமான பார்வையாளர் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது.

இனிக்க இனிக்க நல்லவர்களாகவே இருக்கும் குடும்பம் என்கிறார்களே, சலிக்காதா?

இந்தப் பெயர் தொடருக்கு வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டது. 1992-இல் அதிபர் ஜார்ஜ் புஷ், அமெரிக்கக் குடும்பங்கள் கார்ட்டூன் தொடரில் வரும் சிம்ப்சன்களைவிட வால்டன்களைப் போல இருக்க வேண்டும் என்று பேசிய பிறகு, இது ஏதோ ஒழுக்கப் பாடம் போலவே பேசப்பட்டது. தொடரை உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரியும். இது பணமில்லாத வீட்டின் கதை. மில்லுக்கு ஆர்டர் வந்தால் அடுப்பு சிரிக்கும், வராவிட்டால் ஐக் காட்ஸியின் கடையில் கணக்கு ஏறும். ஒரு ஜோடி காலணி, ஒரு கல்லூரிக் கட்டணம், ஒரு மருத்துவச் செலவு என்று ஏதாவது ஒன்று எபிசோடுக்கு எபிசோடு இவர்களை நெருக்கிக்கொண்டே இருக்கிறது.

இரண்டாவது, இது வீட்டை விட்டுப் போக விரும்பும் ஒரு பிள்ளையின் கதை. ஜான்-பாய்க்குத் தன் வீட்டின் மேல் உயிர். ஆனால் எழுத வேண்டுமானால் ஒரு நாள் அந்த மலையை விட்டு இறங்கியாக வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். ரிச்சர்ட் தாமஸ் நடித்த ஐந்து சீசன்களிலும் இந்த இழுபறி தீரவே இல்லை. நான் இதை மறுபடி மறுபடி எடுத்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

உண்மைக் குடும்பமா, கற்பனையா?

பாதிக்கு மேல் உண்மை. தொடரை உருவாக்கிய ஏர்ல் ஹேம்னர் 1923-இல் வர்ஜீனியாவின் ஸ்கைலர் என்ற சிற்றூரில் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். அந்த ஊருக்குச் சோறு போட்டது சோப்புக்கல் குவாரி. மந்தக் காலத்தில் வேலை போனதும் அவருடைய அப்பா தொலைவிலுள்ள தொழிற்சாலைக்குப் போய், வாரக் கடைசியில்தான் வீடு திரும்பினார். 1933-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் அப்பாவைக் காணாமல் குடும்பம் தவித்த நினைவுதான் ஹேம்னரின் குறுநாவலாகி, பிறகு இந்தத் தொடருக்கு விதையானது.

ஒவ்வொரு எபிசோடின் தொடக்கத்திலும் முடிவிலும் வயதான ஜான்-பாயாகப் பேசும் குரல் ஹேம்னருடையதுதான். தன் அம்மாவையும் தம்பி தங்கைகளையும் பற்றி ஒருவர் தன் ஊர் வழக்கிலேயே சொல்லும்போது அந்தக் குரலில் படிந்துவரும் நெகிழ்ச்சியை எந்த நடிகராலும் தந்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

எதிலிருந்து தொடங்குவது? முதல் சீசன் பெட்டியிலிருந்தா?

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. 1971 டிசம்பரில் ஒளிபரப்பான 'தி ஹோம்கமிங்' என்ற தொலைக்காட்சிப் படம். தொடரின் சீசன் பெட்டிகளை 2004 முதல் வெளியிட்டது வார்னர். இந்தப் படம் அந்தப் பெட்டிகளில் கிடையாது, தனி வட்டாக வந்தது. முதல் சீசனைத் திறந்து இதைத் தேடி ஏமாறுபவர்கள் பலர்.

அதில் பிள்ளைகளும் பாட்டியும் தொடரில் வரும் அதே நடிகர்கள்தான். அம்மாவாக பட்ரீஷியா நீல், அப்பாவாக ஆண்ட்ரூ டக்கன், தாத்தாவாக எட்கர் பெர்கன். பட்ரீஷியா நீலின் ஒலிவியா, பின்னால் வரும் மைக்கேல் லர்னெட்டின் ஒலிவியாவைவிடக் கண்டிப்பானவள்; களைப்பு முகத்திலேயே தெரியும். மூத்த மகன் அறைக் கதவைப் பூட்டிக்கொள்வதைப் பார்த்துத் திருட்டுத்தனமாக ஏதோ செய்கிறான் என்று சந்தேகப்படுகிறாள். அவன் செய்வது எழுத்து. எழுதிய நோட்டை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைக்கிறான், எழுத்தாளனாக ஆசைப்படுவதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு. இரவு வெகுநேரம் கழித்து வீடு சேரும் அப்பா, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பரிசு கொடுத்துவிட்டு, மூத்தவன் கையில் ஒரு கட்டு எழுதுதாள் நோட்டுகளை வைக்கிறார். எழுத்துத் தொழிலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. மகனுக்குத் தாள் வேண்டும் என்பது மட்டும் தெரியும். ஒன்பது ஆண்டுத் தொடரும் அந்த ஒரு கட்டுத் தாளிலிருந்து கிளம்பியதாகவே எனக்குத் தோன்றும். ஆகையால் முதலில் அதைப் பாருங்கள், பிறகு பெட்டியைத் திறக்கலாம்.

அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த பெட்டி நம் ஊர் பிளேயரில் ஓடுமா?

அப்படியே ஓடும் என்று நம்பி வாங்காதீர்கள். டிவிடிகளை உலகப் பகுதிவாரியாக (ரீஜியன்) பூட்டி விற்பார்கள். அமெரிக்க வட்டுகள் ரீஜியன் 1-க்கானவை. இந்தியாவும் இலங்கையும் ரீஜியன் 5. ரீஜியன் பூட்டு நீக்கப்பட்ட பிளேயர் வேண்டும். கணினியின் டிவிடி டிரைவிலும் ரீஜியனை மாற்றலாம், ஆனால் பொதுவாக ஐந்து முறைதான். கடைசியாக வைத்தது அப்படியே நின்றுவிடும். அடுத்தது, அமெரிக்க வட்டுகள் என்டிஎஸ்சி என்ற ஒளிபரப்பு முறையில் பதிவானவை, நம்முடையது பிஏஎல். இன்றைய தட்டைத் திரை டிவிகள் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும். பழைய குழாய் டிவி வைத்திருப்பவர்கள்தான் இதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

வட்டில் படமே அச்சிடவில்லை, இரண்டு பக்கமும் மினுமினுக்கிறது. போலியா?

பெரும்பாலும் இல்லை. அந்தக் காலத்தில் இடத்தை மிச்சப்படுத்த இரண்டு பக்கமும் பதிவு செய்த வட்டுகளை வெளியிட்டார்கள். எந்தப் பக்கம் எந்த எபிசோடு என்பதை நடுத்துளையைச் சுற்றிப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். இவற்றைக் கையாள்வதில்தான் கவனம் வேண்டும். மேசையில் எந்தப் பக்கமாக வைத்தாலும் ஏதோ சில எபிசோடுகளின் மேல் கீறல் விழும். பழைய பெட்டி வாங்கினால், விற்பவர் ஊரில் இருக்கும்போதே ஒவ்வொரு வட்டின் இரண்டு பக்கத்தையும், குறிப்பாகக் கடைசி எபிசோடுகளை, ஓட்டிப் பார்த்துவிடுங்கள். தகராறு செய்வது பெரும்பாலும் அங்கேதான்.

முகங்கள் அகலமாகத் தெரிகின்றன. என்ன செய்வது?

டிவி அமைப்பில் 4:3 என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். அகலத்திரையை நிரப்ப மேலும் கீழும் வெட்டினால் அந்த நீண்ட சாப்பாட்டு மேசைக் காட்சிகள் பாழாகிவிடும். பதினொரு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் காட்சியை ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்துப் பார்த்து அமைத்திருக்கிறார்கள். பேசுபவரைப் பார்க்காமல், பேசாதவர்களைப் பாருங்கள். அம்மா ரொட்டித் தட்டை நகர்த்தும்போது கடைசியில் இருக்கும் கடைக்குட்டி எலிசபெத் கையை நீட்டிக் காத்திருப்பாள்.

ஃபிலிமில் படமாக்கப்பட்டதால் படம் ஒளிபரப்பில் பார்த்ததைவிடத் தெளிவு. ஆங்காங்கே புள்ளிகளும் நிற மங்கலும் உண்டு. தூசு தட்டிப் புதுப்பித்த பதிப்பு என்று சொல்ல முடியாது.

மறு ஒளிபரப்பில் பார்த்ததுதானே, வட்டில் தனியாக என்ன இருக்கிறது?

நீளம் இருக்கிறது. 1970-களில் ஒரு மணி நேர நிகழ்ச்சிக்குக் கதை மட்டும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம். விளம்பர நேரம் பெருகிய பிறகு மறு ஒளிபரப்புகளில் நிமிடக்கணக்கில் கத்தரித்தார்கள். கதை நகராத இடங்களைத்தான் முதலில் வெட்டுவார்கள் என்பது இயல்பு. இந்தத் தொடரின் உயிர் அங்கேதான் இருக்கிறது: தாத்தா வராந்தாவில் உட்கார்ந்து ஒரு செடியைப் பற்றிப் பேசுவது, பாட்டி அதைக் காதில் வாங்காததுபோல அவரை விரட்டுவது, பால்ட்வின் சகோதரிகள் தங்கள் அப்பாவின் 'ரெசிப்பி'யைக் கோப்பையில் ஊற்றித் தருவது. அது விஸ்கி என்பது ஊருக்கே தெரியும், அந்த இரண்டு முதிய பெண்களுக்கு மட்டும் அது அப்பாவின் நினைவு.

அந்த 'குட்நைட்' காட்சி எல்லா எபிசோடிலும் வருமா?

ஏறக்குறைய எல்லாவற்றிலும். வீடு வெளியே இருட்டில் நிற்கும். மாடியில் ஒரு ஜன்னலில் மட்டும் வெளிச்சம். உள்ளேயிருந்து குரல்கள் மட்டும் கேட்கும். ஒருவர் பெயரை ஒருவர் சொல்லி இரவு வணக்கம் சொல்வார்கள், நடுவில் ஒரு பிள்ளை அன்றைய நாளைப் பற்றி ஒரு கேள்வி கேட்கும், அப்பா ஒரு வரியில் பதில் சொல்வார், விளக்கு அணையும். அமெரிக்காவில் எத்தனையோ நகைச்சுவை நிகழ்ச்சிகளில் இதைக் கிண்டல் செய்திருக்கிறார்கள். கிண்டலை மறந்துவிட்டு, முகங்களே இல்லாமல் குரல்களை மட்டும் கவனியுங்கள். அந்த எபிசோடில் சண்டை போட்ட இருவர் முதலில் யார் பெயரைச் சொல்கிறார்கள் என்பதில் கதையின் கடைசி முடிச்சு அவிழும் நாட்கள் உண்டு.

பாட்டி திடீரென்று காணாமல் போகிறாரே, ஏன்?

இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது. பாட்டியாக நடித்த எல்லன் கார்பிக்கு 1976 நவம்பரில் பக்கவாதம் வந்தது. ஐந்தாம் சீசனின் மீதியிலும் ஆறாம் சீசனின் பெரும்பகுதியிலும் அவர் இல்லை. பாட்டி மருத்துவமனையில் இருப்பதாகக் கதையில் சொன்னார்கள். வேறு நடிகையைப் போட்டுக் கதையை நகர்த்தவில்லை. அதற்காகவே தயாரித்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

1978 மார்ச்சில் 'கிராண்ட்மா கம்ஸ் ஹோம்' எபிசோடில் அவர் திரும்பி வருகிறார். பேச்சு பெருமளவு போய்விட்டது. ஒரு சொல்லை வெளியே கொண்டுவர அவர் படும் பாடு நடிப்பல்ல. கதையும் அதையே எடுத்துக்கொள்கிறது. வீட்டுக்கு வந்த பாட்டியை எல்லோரும் பூப்போலத் தாங்குகிறார்கள். எழுந்தால் உட்காரச் சொல்கிறார்கள், பாத்திரத்தைத் தொட்டால் வாங்கி வைத்துவிடுகிறார்கள். தன் அடுப்படியிலேயே தனக்கு வேலை இல்லை என்பது அவரை வாட்டுகிறது. அதைச் சொல்வதற்கோ வார்த்தை இல்லை. வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் யாரும் அந்த ஐம்பது நிமிடத்தைச் சும்மா கடந்துவிட முடியாது. ஊடறுத்துப் பேசும் பாட்டியாக, தாத்தாவை ஒரு சொல்லில் அடக்கும் பாட்டியாக முதல் நான்கு சீசன்களையும் பார்த்துவிட்டு வந்தால்தான் அந்த மௌனம் உறைக்கும். அதனால்தான், தனி எபிசோடாக இதை எடுத்துப் பார்க்காதீர்கள் என்று நண்பர்களிடம் சொல்வேன்.

தாத்தாவாக நடித்த வில் கீர் அதில் அவரோடு இருக்கிறார். அடுத்த மாதம், 1978 ஏப்ரல் 22 அன்று, கீர் இறந்துவிட்டார். தொடரில் தாத்தாவும் இறந்துவிட்டார் என்றே ஏழாம் சீசன் தொடங்குகிறது. துக்கப்படும் அந்த நடிகர்கள் ஆறு ஆண்டுகள் அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். 1950-களில் கம்யூனிஸ்ட் வேட்டைக் குழுவின் முன் பதில் சொல்ல மறுத்து, ஹாலிவுட்டில் வேலை மறுக்கப்பட்டவர் கீர்; தாவரவியல் படித்தவரும்கூட. தாத்தா செடிகளைத் தொடும் விதத்தைக் கவனித்தால் அது தெரியும்.

ஜான்-பாயின் முகம் மாறிவிட்டதே?

ரிச்சர்ட் தாமஸ் 1977-இல் விலகினார். எட்டாம் சீசனில் ராபர்ட் வைட்மன் அந்தப் பாத்திரத்துக்கு வந்தார். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து ஆண்டுகள் ஒரு நாட்டுக்கே பழகிய முகத்துக்குப் பதிலாக வருவது யாருக்கும் இயலாத வேலை.

கறுப்பின மக்களைத் தொடர் எப்படிக் காட்டுகிறது?

கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. 1930-களின் வர்ஜீனியாவில் பள்ளியும் பஸ்ஸும் சட்டப்படி நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தன. தொடர் அந்தக் கொடுமையின் பெரும்பகுதியைத் தள்ளி வைத்துவிட்டது. வால்டன்கள் எல்லோரையும் சமமாக நடத்துகிறார்கள், ஊரும் பெரும்பாலும் அப்படியே காட்டப்படுகிறது. அது வரலாறு அல்ல.

ஆனாலும் முதல் சீசனின் 'தி ஸ்காலர்' எபிசோடை விட்டுவிடாதீர்கள். லின் ஹாமில்டன் நடித்த வெர்டி என்ற கறுப்பினப் பெண், எழுதப் படிக்கத் தெரியாததை மறைத்து வைத்திருப்பவள். ஜான்-பாயிடம் ரகசியமாகப் படிக்க வருகிறாள். அந்த ரகசியம் வெளியாகிவிடுகிறது. உதவி செய்பவரின் நல்ல மனதைவிட உதவி பெறுபவரின் மானம் பெரிது என்பதை இவ்வளவு நேராகப் பேசிய கதை அன்றைய தொலைக்காட்சியில் அரிது. ஜான் மெக்ரீவிக்கு இந்த எபிசோடை எழுதியதற்காக அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தது.

நேரம் குறைவு. எவற்றைப் பார்த்தால் போதும்?

வரிசையாகப் பார்ப்பதுதான் சரி; முதல் மூன்று சீசன்களையாவது அப்படிப் பாருங்கள். முடியவே முடியாது என்றால், மேலே சொன்ன 'தி ஹோம்கமிங்', 'தி ஸ்காலர்' இரண்டோடு, முதல் சீசன் முடிவில் ஒலிவியாவைப் போலியோ தாக்கும் 'ஆன் ஈஸ்டர் ஸ்டோரி'.

மூன்றாம் சீசனைத் தொடங்கும் 'தி கான்ஃப்ளிக்ட்' எனக்கு மிகப் பிடித்தது. மலை முகட்டில் ப்ளூ ரிட்ஜ் பார்க்வே சாலை வருகிறது; தலைமுறைகளாக அங்கே வாழும் உறவினர் மார்த்தா கரினை அரசாங்கம் வெளியேறச் சொல்கிறது. அந்தப் பாத்திரத்தில் பூலா பாண்டி என்ற எண்பது வயதைக் கடந்த நடிகை. ஐந்தாம் சீசனில் 'தி போனி கார்ட்' எபிசோடில் மறுபடி வந்து, அதற்காக எம்மி விருதும் பெற்றார். இரண்டையும் அடுத்தடுத்து பாருங்கள்.

'தி ஃபயர் ஸ்டார்ம்' இன்னொன்று. ஹிட்லரின் நூலிலிருந்து பகுதிகளைத் தன் பத்திரிகையில் அச்சிட ஜான்-பாய் முனைகிறான், ஆபத்தை ஊர் அறியட்டும் என்று. ஊர் கொதித்து ஜெர்மன் புத்தகங்களைக் குவித்துத் தீ வைக்கக் கூடுகிறது. அந்தக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து, ஜெர்மன் தெரிந்த ஒரு பெண்மணியிடம் கொடுத்துப் படித்து மொழிபெயர்க்கச் சொல்கிறான். அவர் படிக்கத் தொடங்குவது பைபிளின் முதல் வரிகள்.

எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்?

என் தீர்ப்பு: ஏழாம் சீசன் தொடக்கத்தில் தாத்தாவின் மறைவை ஏற்கும் 'தி எம்ப்டி நெஸ்ட்' வரை தவறாமல் பாருங்கள். அதே சீசனில் பேர்ல் ஹார்பர் தாக்குதல் வரும் எபிசோடும் நன்று. அதன்பின் மைக்கேல் லர்னெட்டும் விலக, அம்மா காசநோய்க்குச் சிகிச்சை பெறப் போனதாகக் கதை கட்டினார்கள். வீட்டின் நடுத்தூண் போய்விட்டது. மூத்த மகள் மேரி எல்லனின் போரில் இறந்துபோன கணவர் உயிரோடிருப்பதாகக் கடைசி சீசனில் வேறொரு நடிகரை வைத்துச் சொன்னதை என்னால் ஏற்கவே முடியவில்லை. முன்னால் நாம் பட்ட துக்கத்தை அது செல்லாக்காசாக்கிவிடுகிறது.

தொடர் முடிந்த பின் 1982-இல் மூன்றும், 1990-களில் மூன்றுமாகத் தொலைக்காட்சிப் படங்கள் வந்தன. பிந்தைய மூன்றில் ரிச்சர்ட் தாமஸ் திரும்பி வருகிறார். பழகிய முகங்களைப் பார்க்க ஆசையிருந்தால் பாருங்கள்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

தாராளமாக. சாவும் நோயும் போரும் வரும், கேள்விகள் கேட்பார்கள். மலைநாட்டு உச்சரிப்பு பெரியவர்களுக்கே பிடிபடச் சற்று நேரமாகும் என்பதால் ஆங்கில வசன வரிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே இரவில் நான்கைந்து என்று ஓட்டாதீர்கள். வாரத்துக்கு ஒன்று என்று எழுதப்பட்ட கதைகள் இவை, இரண்டு நாளைக்கு ஒன்று என்றாலும் பரவாயில்லை.

அந்த வீட்டை நேரில் பார்க்க முடியுமா?

படத்தில் தெரியும் வீடு, கலிஃபோர்னியாவின் பர்பேங்க் நகரில் வார்னர் ஸ்டுடியோ வளாகத்தில் கட்டப்பட்ட முகப்பு. 1991-இல் அது எரிந்துபோனது. பிறகு மறுபடி கட்டினார்கள். கதை பிறந்த ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்கைலருக்குப் போக வேண்டும். பழைய பள்ளிக் கட்டடத்தில் 1992-இல் வால்டன் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது; ஹேம்னர் வளர்ந்த வீடும் அதற்கு அருகிலேயே இருக்கிறது. போகுமுன் திறந்திருக்கும் மாதங்களை விசாரித்துக்கொள்ளுங்கள்.